வளையலை அடகு வைக்கும் முன்: சேஃப்டி ஆபீசர் ஆக எந்தச் சான்றிதழ்?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். வயது 29. பத்தாவது வரை தமிழ் மீடியம், பிறகு மெக்கானிக்கல் டிப்ளமோ. ஏழு வருஷமாகக் கஞ்சிக்கோட்டில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். முதல் ஐந்து வருஷம் பிட்டர், கடைசி இரண்டு வருஷம் பர்னஸ் (இரும்பு உருக்கும் உலை) பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர். சேஃப்டி துறைக்கு மாற ஆசை. ஒரு பயிற்சி நிலையத்தில் நெபோஷ், ஐயோஷ், ஓஷா மூன்றும் சேர்த்து 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். கல்ஃபில் வேலை உறுதி என்றும், எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராததால் பரீட்சைக்கு அவர்களே எழுதிக் கொடுத்து உதவுவார்கள் என்றும் சொல்கிறார்கள். மனைவியின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டலாம் என்று இருக்கிறேன். சேரலாமா? கேரளத்திலேயே சேஃப்டி ஆபீசர் ஆக வழி உண்டா?

பதில்:

அந்த நிலையத்தில் சேராதீர்கள். கட்டணம் கூடுதலா குறைவா என்பது அப்புறம். “நாங்களே எழுதிக் கொடுப்போம்” என்று அவர்கள் சொன்னதே போதும். நெபோஷ் என்பது பிரிட்டனின் பாதுகாப்புத் தேர்வு வாரியம். அதன் சான்றிதழில் முதல் தாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதுவது. அதனால்தான் எழுதியது நீங்கள்தானா என்று பார்க்க, பின்னால் ஒரு நேர்காணலும் வைக்கிறார்கள். கேமரா முன்னால் உட்கார்ந்து, விடைத்தாளில் உள்ளதை உங்கள் வாயால் விளக்க வேண்டும். அடுத்தவர் எழுதியதாகவோ நகலெடுத்ததாகவோ தெரிந்தால் அது முறைகேடு. முடிவு ரத்தாகும், மீண்டும் எழுதவும் தடை வரலாம். எழுதிக் கொடுத்தவர் நழுவிவிடலாம். தண்டனை உங்கள் பெயருக்குத்தான்.

இனி, உங்கள் கேள்விக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. இந்தியாவில் ஒரு தொழிற்சாலை சட்டப்படி நியமித்தே ஆக வேண்டிய சேஃப்டி ஆபீசர் பதவி ஒன்று. கல்ஃபிலும் இங்குள்ள பெரிய கட்டுமானக் கம்பெனிகளிலும் கான்ட்ராக்டர்கள் எடுக்கும் சேஃப்டி ஆபீசர் வேலை மற்றொன்று. பெயர் ஒன்றுதான், கேட்கும் காகிதம் வேறு. முதலாவதற்கு மாநில அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். நெபோஷ் அதற்கு ஈடாகாது. இரண்டாவதற்கு நெபோஷைத்தான் பெரும்பாலும் விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் பணம் கட்டி, கஞ்சிக்கோட்டிலோ கோவையிலோ இன்டர்வியூவில் உட்காரும்போது “டிப்ளமோ எங்கே?” என்று கேட்கப்பட்டு விழிப்பவர்கள் நிறையப் பேர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவு, ஆயிரம் தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் சேஃப்டி ஆபீசர் கட்டாயம் என்றது. அபாயகரமான ஆலைகளுக்கு எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அரசு உத்தரவிடலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இந்த வரம்பை இறக்கியிருக்கிறது: தொழிற்சாலைக்கு 500 பேர், அபாயகரமான செயல்முறை நடக்கும் தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் 250 பேர், சுரங்கத்துக்கு 100 பேர். உங்களைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி. நடுத்தர அளவுள்ள ஆலைகளும் இனி ஆள் தேட வேண்டிவரும். அபாயகரமான செயல்முறைகளின் பட்டியலில் முதலில் நிற்பதே இரும்பு உருக்குத் தொழில்தான். உங்கள் கம்பெனி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, எத்தனை பேர் கணக்கில் இருக்கிறார்கள் என்று விசாரித்து வையுங்கள்.

பதவிக்கான தகுதியை மாநில விதிகள் சொல்கின்றன. பல மாநிலங்களில் அச்சு ஒன்றுதான். பொறியியல் பட்டம் என்றால் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் நிலையில் 2 வருஷம். பொறியியல் டிப்ளமோ என்றால் அதே நிலையில் 5 வருஷம். அதற்கு மேல் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பாதுகாப்புப் படிப்பு. கூடவே அந்தப் பகுதித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ அதையே பார்க்க வேண்டும்.

இங்கே “சூப்பர்வைசர் நிலை” என்ற சொல்லைக் கவனியுங்கள். பிட்டராக இருந்த ஐந்து வருஷம் இந்தக் கணக்கில் சேராது. உங்களிடம் இருப்பது இரண்டு வருஷம், இன்னும் மூன்று தேவை. அந்த இரண்டுக்காவது காகிதம் இருக்கிறதா? ஷிப்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரிஜிஸ்டரிலும் சம்பளச் சீட்டிலும் பிட்டர் என்றே விட்டு வைக்கும் கம்பெனிகள் உண்டு. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர் உங்கள் வேலையைப் பார்க்கப் போவதில்லை. சீட்டைத்தான் பார்ப்பார். பதவி மாற்ற உத்தரவு எழுத்தில் இல்லையென்றால் இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். அனுபவச் சான்றில் எந்தத் தேதி முதல் எந்தப் பதவி, எந்தப் பிரிவு, கீழே எத்தனை பேர் என்பதெல்லாம் வர வேண்டும். கான்ட்ராக்டர் பெயரில் பிஎஃப் கட்டப்பட்டிருந்தால் சான்றும் அந்தப் பெயருடன் பொருந்த வேண்டும். பொருந்தாத சான்று பின்னால் எதற்கும் உதவாது.

மொழி விஷயத்தில் உங்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் வளர்ந்தவருக்குத் தமிழும் மலையாளமும் வாயில் தானாக வரும். ஆலையில் வேலை பார்க்கும் வடநாட்டுத் தொழிலாளர்களுடன் பழகியதில் இந்தியும் ஓரளவு வந்திருக்கும். ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பேசும் டூல்பாக்ஸ் டாக்கை மூன்று மொழியிலும் நடத்தத் தெரிந்தவர் எந்த ஆலைக்கும் தேவை. மலையாளத்தில் பேச்சு மட்டும்தான், எழுத்து தடுமாறும் என்றால் அதை இப்போதே சரி செய்யுங்கள். அறிவிப்புப் பலகையும் விபத்து அறிக்கையும் எழுத வேண்டிவரும்.

படிப்புக்கு, உங்களுக்குக் கிட்டத்தில் உள்ள பெயர் பெற்ற இடம் சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது. இதன் தலைமை நிறுவனம் மும்பை சயனில் இருக்கிறது. தொழிற்பாதுகாப்பில் ஓராண்டு உயர்நிலை டிப்ளமோ அங்கே நடக்கிறது. ஏடிஐஎஸ் என்றால் துறையில் எல்லோருக்கும் புரியும். அறிவிப்பு வரும்போது டிப்ளமோக்காரர்களுக்கு எத்தனை வருஷ அனுபவம் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஓராண்டு முழுநேரம் என்பதால் சம்பளமில்லாமல் குடும்பம் எப்படி ஓடும் என்ற கணக்கும் வேண்டும். சில ஆலைகள் தங்கள் ஆளையே செலவு போட்டு அனுப்புவதுண்டு. எச்ஆரிடம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். மாநிலத் தொழில்நுட்பக் கல்வித் துறைகளின் கீழ் நடக்கும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோக்களும் உண்டு. ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இயங்கும் நிலையம் “டிப்ளமோ இன் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி” என்று சொந்தமாக அச்சடித்துக் கொடுப்பது வேறு சங்கதி. தாளில் உள்ள பெயர் ஒன்றாக இருந்தாலும் இன்ஸ்பெக்டரேட் (தொழிற்சாலை ஆய்வுத் துறை) அதை ஏற்காது.

அந்தப் பேக்கேஜில் உள்ள மூன்றையும் பார்ப்போம். ஓஷா 30 மணி நேர அட்டை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விழிப்புணர்வுத் திட்டத்தைச் சேர்ந்தது. அது சான்றிதழ் அல்ல என்று ஓஷாவே சொல்கிறது. ஐயோஷ் பிரிட்டனின் பாதுகாப்பு வல்லுநர் அமைப்பு. அதன் ‘மேனேஜிங் சேஃப்லி’ மூன்று நான்கு நாள் படிப்பு, மேனேஜர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் உரியது. இன்றைய உங்கள் வேலைக்கே உதவும், ஆனால் அதை வைத்து சேஃப்டி ஆபீசர் ஆக முடியாது. மூன்றில் கனமானது நெபோஷின் சர்வதேசப் பொதுச் சான்றிதழ் மட்டுமே. ஐஜிசி என்பார்கள். அது கல்ஃபுக்கு மட்டும் உதவுவதல்ல. ஒழுங்காகப் படித்தால் ஆலையைப் பார்க்கும் கண்ணே மாறும். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதில் இரண்டு பகுதி. ஐஜி 1 என்பது எழுத்துத் தாள், தேர்ச்சிக்கு நூற்றுக்கு 45 மதிப்பெண். ஒரு கற்பனை நிறுவனத்தில் நடந்ததை இரண்டு மூன்று பக்கத்துக்கு விவரித்து அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். புத்தகம் கையில் இருந்தும் பலர் தோற்பதற்குக் காரணம், புத்தகத்தில் உள்ளதை அப்படியே இறக்கி வைப்பது. உதாரணமாக, அந்த நிறுவனத்தின் பாதுகாப்புக் கலாசாரம் மோசம் என்பதற்கு அடையாளங்கள் கேட்கிறார்கள் என்று வையுங்கள். “நிர்வாகத்துக்கு ஈடுபாடு இல்லை” என்று எழுதினால் மதிப்பெண் விழாது. “மெஷினின் பாதுகாப்பு மூடி கழற்றிக் கிடந்ததை மேனேஜர் காலையில் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார்” என்று கதையிலிருந்தே எடுத்து, அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி சேர்த்தால்தான் மதிப்பெண். ஒவ்வொரு விடையும் கதையின் ஏதாவது ஒரு வரியில் கால் ஊன்றி நிற்க வேண்டும்.

ஐஜி 2 உங்களுக்காகவே செய்த தேர்வு மாதிரி. வேலை செய்யும் இடத்தில் நீங்களே ரிஸ்க் அசெஸ்மென்ட் (அபாய மதிப்பீடு) செய்து சமர்ப்பிக்க வேண்டும். வெவ்வேறான பத்து தீங்கு மூலங்கள், அவை குறைந்தது ஐந்து தலைப்புகளிலிருந்து வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யாருக்கு, எப்படித் தீங்கு நேரும், இப்போது என்ன ஏற்பாடு இருக்கிறது, இன்னும் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளில், எந்தப் பதவிக்காரர் பொறுப்பு என்று அட்டவணையில் நிரப்ப வேண்டும். நிறுவனத்தின் உண்மைப் பெயரைப் போட வேண்டியதில்லை. மேனேஜரிடம் அனுமதி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பர்னஸ் மேடையிலிருந்தே ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறேன். “ஸ்கிராப் ஈரமாக இருந்தால் ஆபத்து, ஹெல்மெட் போட வேண்டும்” என்று எழுதுவதுதான் வழக்கம். அது போதாது. இப்படி எழுதிப் பாருங்கள்: இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) திறந்த யார்டில் கிடக்கும் ஸ்கிராப்பில், இருபுறமும் நசுங்கி மூடிய பைப், மூடி இறுகிய டப்பா, பழைய ஷாக் அப்சார்பர் ஆகியவற்றுக்குள் தண்ணீரோ எண்ணெயோ அடைந்திருக்கும். ஏறத்தாழ 1,600 டிகிரியில் உருகியிருக்கும் இரும்புக்குள் அது போனால், ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவியாக ஒரே நொடியில் விரியும். விரிய இடமில்லாமல் உருகிய இரும்பைத் தூக்கி எறியும். மேடையில் கையால் சார்ஜ் செய்பவர்களுக்கும் (உலையில் ஸ்கிராப் போடுபவர்கள்) ஸ்லாக் என்னும் கசடை எடுப்பவருக்கும் முகம், கழுத்து, ஷூவுக்குள் கால் எல்லாம் வெந்துபோகும். இப்போது இருப்பது: அலுமினியம் பூசிய கோட்டு, முகக் கவசம். இன்னும் வேண்டியது: ஸ்கிராப்புக்குக் கூரை, மூடிய துண்டுகளை யார்டிலேயே பிரித்து வெட்டித் திறப்பது, சார்ஜ் செய்வதற்கு முன் உலர்த்துவது, ஆளைத் தூர நிறுத்தி பக்கெட்டாலோ ஃபீடராலோ போடுவது. பிரித்து வெட்டும் வேலைக்கு ஒரு வாரம், பொறுப்பு யார்டு சூப்பர்வைசர். கூரைக்கு மூன்று மாதம், பொறுப்பு பிளாண்ட் மேனேஜர்.

இதில் கவச உடை கடைசியில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் தீங்கையே நீக்க முடியுமா, இல்லையென்றால் மாற்ற முடியுமா, இயந்திர ஏற்பாட்டால் தடுக்க முடியுமா, பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும், கடைசியாகக் கவசம். பத்து வரியிலும் “பயிற்சி கொடுக்க வேண்டும், கிளவுஸ் தர வேண்டும்” என்றே எழுதியிருந்தால் திருத்துபவர் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாவற்றுக்கும் “உடனடியாக” என்று காலம் போடுவதும், பொறுப்பு “நிர்வாகம்” என்று எழுதுவதும் அதே வகைப் பிழை.

பர்னஸ்காரர்கள் தவறாமல் விட்டுவிடும் ஒரு வரி இருக்கிறது. உலையின் உட்பூச்சான லைனிங்குக்கு இடித்து நிரப்பும் பொடி, ராமிங் மாஸ், பெரும்பாலும் சிலிக்கா. பழைய லைனிங்கை உடைக்கும்போதும் புதியதைக் கொட்டி இடிக்கும்போதும் எழும் தூசியில், கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய பகுதிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. தீக்காயம் அன்றைக்கே தெரியும். இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் தெரிய வருஷங்கள் ஆகும், தெரிந்த பிறகு திரும்பாது. புதிய தொகுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அது இருக்கிறது. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு லைனிங் உடைக்கும் பையன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துணி அந்தத் தூசியை நிறுத்தாது. இந்த வரியைத் தேர்வுக்காக மட்டும் எழுதாதீர்கள். உங்கள் ஷிப்டில் இன்றைக்கே தூசி உறிஞ்சும் ஏற்பாடும், முகத்துக்குப் பொருந்தும் சரியான மாஸ்க்கும் கேளுங்கள்.

மற்ற தலைப்புகளுக்காக ஆலைக்கு வெளியே தேட வேண்டாம். ரோலிங் பக்கம் இரைச்சல், உருகிய இரும்பை ஏந்தும் லேடிலைத் தூக்கும் கிரேன், ரிவர்ஸ் எடுக்கும் ஸ்கிராப் லாரி, கேபிள், பிட்டுக்குள் (குழிக்குள்) இறங்கும் வேலை, பெஞ்ச் கிரைண்டர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கிரைண்டரை மட்டும் பாருங்கள். பொருளை வைக்கும் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கல் தேயத் தேய இடைவெளி அகலும், யாரும் ரெஸ்டை நகர்த்த மாட்டார்கள். ஒரு நாள் சின்னத் துண்டு அந்த இடைவெளியில் சிக்கி உள்ளே இழுபடும். விரலும் கூடவே போகலாம், கல்லும் வெடிக்கலாம். புதுக் கல்லை மாட்டும் முன் மரப் பிடியால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் சரி, மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல்.

அட்டவணை முடிந்ததும், பத்தில் மூன்று நடவடிக்கைகளைத் தேர்ந்தெடுத்து ஏன் இவை முதலில் என்று வாதிட வேண்டும். மனிதநேயம், பணம், சட்டம் மூன்றும் வர வேண்டும். சட்டம் என்றால் “சட்டப்படி குற்றம்” என்று மொட்டையாக எழுதக்கூடாது. நமது தொகுப்புச் சட்டத்தில் முதலாளியின் கடமைகளைச் சொல்லும் 6ஆம் பிரிவு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கையின் 16ஆம் விதி என்று எண்ணோடு எழுதி, அது இந்த இடத்துக்கு எப்படிப் பொருந்துகிறது என்று சொல்லுங்கள்.

இங்கிலீஷ் பற்றி: ஐஜிசிக்கு, ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.0 அளவு மொழி இருந்தால் நல்லது என்று நெபோஷ் பரிந்துரைக்கிறது. இப்போது அந்த அளவு இல்லையென்றால் ஒரு வருஷம் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஷிப்ட் முடிந்ததும், அன்று நூலிழையில் தவிர்ந்த ஒரு விபத்தை ஐந்து வரி இங்கிலீஷில் எழுதுங்கள். என்ன நடந்தது, ஏன், என்ன செய்தால் மீண்டும் நடக்காது. இலக்கண அழகு தேவையில்லை, பொருள் தெளிவாக வந்தால் போதும். ஒரு சொல் சிக்கலை மட்டும் ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். நாம் எல்லாவற்றையும் ‘ஆபத்து’ என்கிறோம். தேர்வு அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஹசார்ட் என்பது தீங்கு செய்யக்கூடிய பொருள் அல்லது நிலை. ரிஸ்க் என்பது அந்தத் தீங்கு நேர எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு கடுமை என்பது. கிரேனில் தொங்கும் பில்லட் (இரும்புக் கட்டை) கட்டு ஹசார்ட். கீழே ஆள் நடக்கும் வழி இருந்தால் ரிஸ்க் ஏறுகிறது. வழியை மறித்தால் இறங்குகிறது, ஹசார்ட் அப்படியே இருக்கிறது. இதைக் குழப்பி எழுதினால் தாள் முழுக்கக் குழம்பும்.

டிப்ளமோவுக்குப் போனாலும் ஐஜிசிக்குப் போனாலும் இன்டர்வியூவில் கணக்கு கேட்பார்கள். ஸ்லிங் (சுமையைத் தூக்கக் கட்டும் கயிறு) கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். ஒரு டன் சுமையை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கும்போது கால்களுக்கு இடையே 60 டிகிரி என்றால் ஒவ்வொரு காலிலும் சுமார் 577 கிலோ. 90 டிகிரி என்றால் 707 கிலோ. 120 டிகிரி என்றால் ஒவ்வொரு காலும் முழு ஒரு டன்னைத் தாங்குகிறது. நீளம் குறைந்த ஸ்லிங்கை இழுத்து மாட்டுவதால் கயிறு அறுவது இந்தக் கணக்கினால்தான்.

கல்ஃப் வேலை உறுதி என்று யார் சொன்னாலும், அவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவரா என்று அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். கேரளத்தில் இருப்பதால் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். பயிற்சி நிலையம் நெபோஷ் அங்கீகரித்த லேர்னிங் பார்ட்னர்தானா என்பதை நெபோஷின் சொந்தத் தளத்தில் பெயரைத் தேடி உறுதி செய்யுங்கள். சுவரில் மாட்டிய சட்டகத்தை நம்ப வேண்டாம்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு முதலில் டிப்ளமோ, பிறகு ஐஜிசி. மனைவி, வீடு, மொழி எல்லாம் இங்கே இருக்கும்போது இங்கே நிற்கும் காகிதம் முதலில் வேண்டும். சூப்பர்வைசர் அனுபவத்துக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அவசரம் இல்லை. வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்.

எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பும், உங்கள் மாவட்டத்துக்கான ஃபேக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மலையாளத்திலோ இங்கிலீஷிலோ, இரண்டே கேள்விதான்: “இந்தப் பெயருள்ள நிறுவனம், இந்தப் பெயரில் வழங்கும் டிப்ளமோ, கேரளத்தில் சேஃப்டி ஆபீசர் நியமனத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதா? பொறியியல் டிப்ளமோ பெற்றவருக்குத் தேவையான சூப்பர்வைசர் அனுபவம் இப்போதைய விதிப்படி எத்தனை ஆண்டு?” நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் அதே இரண்டு கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கைக்கு வந்த பிறகு முதல் தவணையைக் கட்டுங்கள்.